சிலம்பும் தேடியதேட்டமும்

பொருளிழந்து மீண்ட கோவலனுக்குக் கண்ணகி தன் சிலம்பை அளிக்க முன்வந்ததைக் கற்பின் சிகரமெனப் போற்றாத திறனாய்வாளர் அரியர். ஆனால் கோவலன் தொலைத்தது முதுசம். எஞ்சியதோ அவள் அணிகலன். அச்சிலம்பு யாருடைய உடைமை என அவர்கள் வினவுவதில்லை.

அவ்வினா நமக்கு வேண்டும். ஜிந்துப்பிட்டியில் கடை நடத்தி வாழ்ந்த தம்பதியர் விவாகரத்து நாடின், உறுதி யார் பெயரில் என்பதே முதற் கேள்வி. பொதுச் சட்டத்திலிருந்த தம்பதியர் கூட்டுடைமை 1876இல் நீக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்குத் தனிச்சொத்துரிமை அளித்தது. அது முன்னேற்றமே. எனினும் கையில் பொருளற்றவளுக்கு அவ்வுரிமையால் என்ன பயன்? அடுப்படியிலும் கடையிலும் கழிந்த அவளது உழைப்பு எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை.

ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலோ ‘தேடியதேட்டம்’ என்ற கருத்து உண்டு. மணவாழ்வில் ஈட்டியது இருவர்க்கும் உரியது என்பதே அதன் பழம்பொருள். ஆனால் அவ்வழமையைத் திருத்திய 1911ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டது. ஆகவே பழமை முழுவதையும் நாம் போற்றவேண்டா. பங்கை ஏற்போம், தளையை ஒதுக்குவோம். அப்பங்கு எம்மாகாணப் பெண்ணுக்கும் உரியதாகவேண்டும். கண்ணகியின் ஈகையை மட்டும் பாடி, அவளது உரிமையை மறக்கும் திறனாய்வு பாதித் திறனாய்வே.