வாரண்டி போனால் போகட்டும், பில்?

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் புது கேமரா பாடி வாங்கக் கிளம்பினால், தொழில்காரர்கள் சொல்லும் முதல் யோசனை, "பில் வேண்டாம்னு சொல்லுங்கண்ணா, குறைச்சுத் தருவாங்க" என்பதுதான். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி உருவான பர்மா பஜாரின் காலத்து யோசனை இது. "வாரண்டி கிடைக்காதே" என்பது வழக்கமான மறுப்பு. யோசனை தவறு, ஆனால் அதை வீழ்த்த இந்த மறுப்புக்குத் தெம்பு போதாது.

வாரண்டி உற்பத்திக் குறைக்கு மட்டுமே. கொல்லிமலைப் பக்கம் கேமராவைக் கெடுப்பவை வேறு: மலைமேல் பனிமூட்டத்தில் லென்ஸுக்குள் பிடிக்கும் பூஞ்சை, ஆகாய கங்கை அருவியின் சாரல், வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் கைநழுவி விழுவது. எந்தக் கம்பெனி வாரண்டியும் இவற்றை ஏற்காது. ஷட்டரும் அப்படித்தான். நிக்கான் டி850இன் ஷட்டர் 2 லட்சம் சொடுக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது. அது தேய்வதற்குள் சாதாரணமாக வாரண்டி முடிந்திருக்கும். மிஞ்சுவது, முதல் வருடத்திலேயே போர்டு போவது. அரிதுதான், வந்தால் செலவு பெரிது. அமெரிக்காவில் நிக்கான், 'கிரே மார்க்கெட்' கேமராவை, அதாவது கம்பெனியின் அங்கீகார வழியில் வராத கேமராவை, காசு கொடுத்தாலும் பழுது பார்ப்பதில்லை என்பதையும் வாரண்டியின் பக்கத் தட்டில் வைக்க வேண்டும்.

'கிரே' எல்லாமே கள்ளச்சரக்கு என்பதும் சரியல்ல. சாம்சங் தொடுத்த வழக்கில் 2012 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு, அசல் பொருளை வெளிநாட்டில் வாங்கி வந்து இங்கே விற்பது வணிகச்சின்னச் சட்டப்படி மீறலாகாது என்றது. நிபந்தனை ஒன்று வைத்தது: கம்பெனி வாரண்டி இல்லை, பொறுப்பு கடைக்காரருடையது என்று வாங்குபவர் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும். ஆகவே வரி கட்டி, பில் போட்டு, தன் பொறுப்பில் விற்கும் கடை ஒரு வகை. துண்டுச் சீட்டும் தராத கடை இன்னொரு வகை. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

சேமிப்புக் கணக்கு பார்ப்போம். 2019 ஜனவரி முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி உட்பட 1,00,000 ரூபாய் விலையில் வரி 15,254 ரூபாய். ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டூடியோ அதைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அவருக்கு பில் இல்லாத சரக்கில் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். பதிவு இல்லாத சின்ன ஸ்டூடியோக்காரருக்குத்தான் ஆசை நியாயமானது.

ஆனால் பில் இல்லாவிட்டால் அவரே அதிகம் இழக்கிறார். திருட்டுப் புகாரில் சீரியல் எண்ணோடு கேமராவைத் தன்னுடையது என்று காட்டுவது கடினம். இன்சூரன்ஸும் கடனும் சிக்கல். பாடியை விற்கும்போது சந்தேகத்தோடுதான் விலை பேசுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு வழக்காடும் வாய்ப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரும் இதில் நுகர்வோர்தான். தீர்ப்பு வருடக்கணக்கில் இழுக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் அடிவார ஊர்க்காரரிடம் சென்னைக் கடைக்காரரை இறங்கிப் பேச வைக்கும் ஆயுதம் வேறென்ன இருக்கிறது?

எனவே கல்யாண வேலைக்கான பாடியை பில் இல்லாமல் வாங்கக் கூடாது. கம்பெனி வாரண்டி இல்லாத இறக்குமதிப் பாடியை வாங்கலாம். ஆனால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், பில்லில் சீரியல் எண்ணும், எழுத்தில் கடையின் சொந்த வாரண்டியும் இருந்து, விலை வித்தியாசம் ஒரு போர்டு மாற்றும் செலவுக்கு ஈடுகொடுத்தால் மட்டுமே. மோட்டாரோ மின்பலகையோ இல்லாத, கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே பூஞ்சை இல்லையென்றால் வாங்கிவிடலாம்.