கோளமும் உருளையும்: ‘நிரூபித்தார்’ என்றால் போதுமா?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், அளவியல் பாடத்தில், பந்து கச்சிதமாக அடங்கும் உருளை ஒன்று வரும். பந்தின் புறப்பரப்பும் அந்த உருளையின் வளைபரப்பும் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் நிரூபித்தாராம். அடுத்த வரியில் நான்கு பை ஆர் ஸ்கொயர் வந்துவிடுகிறது. சரி, ஆனா ஏன் சமம்? அதுக்குப் பதில் இல்லை. என் குறை இதுதான்.

காரணம் அரைப் பக்கத்தில் அடங்கும். இரண்டையும் படுக்கைவாட்டில் மெல்லிய வளையங்களாக வெட்டுங்க. பந்தில் மேலே போகப் போக வளையத்தின் சுற்றளவு குறையும். ஆனால் பட்டை சாய்ந்து படுப்பதால் அகலம் கூடும். 60 பாகை அட்சத்தில் சுற்றளவு உருளையில் இருப்பதில் பாதி, அகலம் இரண்டு மடங்கு. பெருக்கினால் அதே பரப்பு. எல்லா உயரத்திலும் இப்படித்தான் ஈடாகிறது.

1150-ல் சித்தாந்த சிரோமணி எழுதிய இரண்டாம் பாஸ்கரர், வட்டத்தின் பரப்பைச் சுற்றளவால் பெருக்கச் சொன்ன லல்லரின் விதி தவறு என்றார். அதோடு நிற்கவில்லை. நெல்லிக்காய்க் கோடுகள் மாதிரி பந்தைப் பிரித்து, பரப்பு என்பது சுற்றளவு பெருக்கல் விட்டம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அதுவும் அதே உருளையின் வளைபரப்புதான்!

சேக்காட்டு மொட்டைமாடிகளில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளும் உருளைதான். அதே கொள்ளளவுக்கு, மூடியும் அடியும் சேர்த்து, மிகச் சிக்கனமான உருளைக்கே கோளத்தைவிடச் சுமார் 14 சதவீதம் அதிகப் பரப்பு தேவை. இருந்தும் உருளையே செய்கிறோம். அது தானாக நிற்கும்.

சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மார்க் வரும். காரணமும் தெரிந்த பிள்ளை, லல்லரே தப்பாகச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடும்.