நுண்கடன் தாக்க ஆய்வும் கல்வராயன் மலையும்

நுண்கடன் என்பது பெரும்பாலும் பெண்கள் குழுவாகப் பொறுப்பேற்று, பிணை இல்லாமல் பெறும் சிறு கடன். அதன் வெற்றிக்குச் சான்றாக நிறுவனங்கள் காட்டுவது திருப்பிச் செலுத்தும் விகிதம். தவணை வந்தது என்பதை அந்த எண் சொல்லும். எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. கம்மலை அடகு வைத்துக் கட்டினாலும், இன்னொரு குழுவில் வாங்கிக் கட்டினாலும் பதிவேட்டில் அது வரவுதான்.

ஐதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வு இதைவிடக் கவனமானது. 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கு மட்டும் ஒரு கடன் நிறுவனத்தின் கிளைகள் முதலில் திறக்கப்பட்டன. 2015இல் வெளியான முடிவின்படி, ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் முதலீட்டைக் கூட்டினர். குடும்பத்தின் மொத்தச் செலவிலும் பெண்களின் நிலையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நுண்கடன் வறுமையை ஒழிக்கும் என்ற விளம்பரத்துக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் கட்ட முடியாத வாரத்தில் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை அறிய வேறு முறை தேவை.

அந்த முறைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2010இல் கடலூர், விழுப்புரம் பகுதியின் 10 ஊர்களில் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தனர். அதோடு நிற்காமல் ஆண்டுக்கணக்கில் அவ்வட்டாரத்துப் பெண்களிடம் பேசினர். இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் மூவரும் எழுதிய 'தி இன்டெப்டட் வுமன்' (2023) இந்த நீண்ட உழைப்பில் விளைந்த நூல். கடனை அடைப்பதே ஒரு வேலை, அது பெண்ணின் தலையில் விழுந்த கூலியில்லா வேலை என்று அது காட்டுகிறது. தண்டல், அடகு, தெரிந்தவர் கடன் என மக்கள் வைத்த பெயர்களை ஆய்வாளர்கள் அப்படியே பின்தொடர்ந்ததும் சிறப்பு. "எத்தனை கடன் இருக்கிறது?" என்று கேட்டால் கைமாற்று விட்டுப்போகும், பலர் அதைக் கடனாகவே எண்ணுவதில்லை. "போன தவணைக்குப் பணம் எப்படிப் புரட்டினீங்க?" என்றால் எல்லாம் வெளியே வரும்.

குறை எனச் சொல்வதானால், அது சமவெளியின் சித்திரம். விழுப்புரத்திலிருந்து 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் 1970கள் வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவை. மரவள்ளி பணமாக ஏறத்தாழ பத்து மாதம் ஆகும். தவணையோ வாரமோ மாதமோ தவறாது. இடைப்பட்ட காலத்தில் பலர் வெளியூர்க் கூலி வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

பண்புசார் ஆய்வு என்ற பெயரில் நிறுவனங்கள் அச்சிடும் வெற்றிக் கதைகளை இதில் சேர்க்கக் கூடாது; கதை சொல்பவரைத் தேர்ந்தெடுப்பதே நிறுவனம்தான். குழுக் கூட்டத்தில் வைத்துக் கேட்பதும் போதாது. தவணை தவறினால் பக்கத்தில் இருப்பவர்தான் ஈடுகட்ட வேண்டும். அவர் முன்னால் யார் உண்மையைச் சொல்வார்? தனியாக, வீட்டில், மாதவாரியாக வரவையும் தவணையையும் ஊரில் இல்லாதவர்களையும் குறித்துக்கொண்டு கேட்க வேண்டும். அறுவடைக்குப் பின் ஒரு முறை, பூட்டிய வீடுகள் மிகுந்திருக்கும் மாதத்தில் இன்னொரு முறை.