தென்காசிக்கு எத்தனை ரிக்டர்?

அச்சன்கோவிலிலிருந்து தென்காசிப் பக்கம் நீளும் ஷியர் மண்டலம், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் பாறைகள் நசுங்கி நகர்ந்த தடம். குற்றாலத்தில் குளிக்கிறவருக்கு அதனால் கவலை ஏதுமில்லை. அணையோ அணுமின் நிலையமோ கட்டுகிறவர் மட்டும் விடாமல் கேட்பார்: இங்கே அதிகபட்சம் எத்தனை ரிக்டர் வரும்?

நம் நாட்டில் பழகிப்போன விடை ஒரு கூட்டல். வட்டாரத்தில் பதிவான மிகப்பெரிய நிலநடுக்கத்தோடு 0.5 சேர்ப்பார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை உலுக்கியது ஏறக்குறைய 6, ஆக 6.5. யார் போட்டாலும் அதே விடை வரும், பேரம் பேச இடமில்லை. இது சின்ன நன்மை அல்ல. ஆனால் அந்த அரைப் புள்ளியைக் கொடுத்தது இயற்கை அல்ல, வழக்கம். அதைவிட மோசம், நம் பதிவேட்டின் வயது. நிலையான நிலப்பகுதியில் ஒரு பிளவு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அசையலாம்; நம்மிடம் இருப்பதோ சுமார் இருநூறு ஆண்டுக் குறிப்பு. லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே 6.2 வந்தது. பழைய கோயில்கள் சாட்சி சொல்லுமே என்பார்கள். தென்காசி ராஜகோபுரத்தைக் கேட்டுப் பயனில்லை. இன்று நிற்பது மீண்டும் கட்டப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது.

இரண்டாவது வழி, பிளவின் நீளத்தை அளப்பது. அச்சன்கோவில் மண்டலத்தின் 120 கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் உடையும் என்று வைத்தால் வழக்கமான சூத்திரம் 6.9 என்கிறது, 6.5ஐப் போல நான்கு மடங்கு ஆற்றல். பாறையின் இயல்பைத் தொட்டுப் பேசுவதால் இது கூட்டலைவிட மேல். ஆனாலும் தழும்பு வேறு, உயிருள்ள பிளவு வேறு. அண்மைக் கால மண்ணடுக்கு அறுந்து விலகியதைக் காட்டாதவரை அந்த நீளம் வரைபடத்துக் கோடுதான்.

என் வாக்கு மூன்றாவது வழிக்கு: இதைப் போன்ற மற்ற நிலப்பகுதிகளோடு ஒப்பிடுவது. அமெரிக்காவின் நிலநடுக்க ஆய்வாளர் ஜான்ஸ்டனும் கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் நிலையான கண்டப்பகுதிகளின் நிலநடுக்கங்களை ஒரே பட்டியலாக்கியது. ஓர் ஊரின் நீண்ட வரலாறு இல்லாத குறையைப் பல ஊர்களின் குறுகிய வரலாற்றால் ஈடுகட்டுகிறது. 1988இல் ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் ஒரே நாளில் ஆறைத் தாண்டி மூன்று நிலநடுக்கங்கள் வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். எந்த இடத்தை ஒப்பாகச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். 2001இன் புஜ் நிலநடுக்கம் (சுமார் 7.6) பழைய பிளவுப் பள்ளத்தில் நிகழ்ந்தது, அதைச் சேர்த்தால் உச்சவரம்பு எகிறும். தென்காசி அப்படிப்பட்ட நிலம் அல்ல.

ஆகவே இங்கே ஒற்றை எண் சொல்லும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன். 6.5 முதல் 7 வரை என்று எழுதி, எந்த வழி எந்த எண்ணைத் தந்தது என்றும் அச்சிடட்டும். அது பெரிய அணைக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும். வீடு கட்டுகிறவர் உச்சவரம்புச் சண்டைக்குக் காத்திருக்க வேண்டாம். கில்லாரியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தது, கனத்த மண்கூரையும் பிடிப்பில்லாத கல்சுவரும் சரிந்ததால்.