சொற்பட்டியலும் கடைசிப் பாடமும்: பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின்படி பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு மாணவர் மேற்கொள்ளும் சொல், இலக்கண, மரபுத்தொடர்ப் பயிற்சிகள் பாடப் பனுவலை எவ்வாறு கையாளுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பாடநூலில் இடம்பெறும் அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ சிறுகதை முதன்மைச் சான்றாகவும், தொல்காப்பிய உரியியல் காட்டும் பொருள் உணர்முறை அளவுகோலாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆங்கிலத் தேர்வு, ஒரு மதிப்பெண் வினா, உரியியல், நிகண்டு, அல்போன்ஸ் தோதே, நேர்கூற்று, அயற்கூற்று.

முன்னுரை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்திற்கு ஒரே தாள் என்னும் முறை 2019-20ஆம் கல்வியாண்டில் அறிமுகமானது. 100 மதிப்பெண்ணுக்குரிய அத்தாளின் முதற்பகுதியில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் உள்ளன. அவற்றுள் மூன்று ஒருபொருட்சொல்லையும் மூன்று எதிர்ச்சொல்லையும் கேட்பன. எஞ்சிய எட்டும் பன்மை வடிவம், முன்னொட்டு, பின்னொட்டு, சுருக்கக் குறியீட்டின் விரிவு, ‘ஃப்ரேசல் வெர்ப்’ எனப்படும் தொடர்வினை, கூட்டுச்சொல், காலம், இணைப்புச்சொல் முதலியவற்றைச் சார்ந்தவை. அடுத்த பகுதியில் செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றமும் நேர்கூற்று, அயற்கூற்று மாற்றமும் நிறுத்தக்குறியிடுதலும் தொடர் மாற்றமும் வருகின்றன.

தேர்ச்சிக்குரிய மதிப்பெண் 35. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு ஈடானவை இந்த 14 வினாக்கள். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவருமில்லாத முதல் தலைமுறை மாணவனுக்கு, பத்தி எழுதும் வினாக்களைவிட இவையே உறுதியான பிடிமானம். ‘மெல்லக் கற்போர்’ எனப் பிரிக்கப்பட்ட மாணவரிடம் ஆசிரியர் முதலில் கொடுப்பது சொற்பட்டியலாக இருப்பதன் காரணம் இதுவே. மனப்பாடக் கல்வியைப் பொதுப்படப் பழிக்கும் எழுத்துகள் இந்த எளிய கணக்கைக் காண்பதில்லை. பட்டியலை நீக்குக என்று சொல்வது, அப்பட்டியலின்றியும் தேர்ச்சி பெறக்கூடிய வீட்டுப் பிள்ளைகளின் பக்கம் நின்று சொல்வதாகும். ஆகவே பட்டியல் தேவையா என்பதைக் காட்டிலும், பட்டியலாக்கும்போது பனுவலுக்கு நேர்வது யாது என்பதே இங்கு ஆய்வுக்குரிய வினாவாகிறது.

நிகண்டும் ‘கைடும்’

சொற்களை வரிசைப்படுத்தி மனனம் செய்வது தமிழ்க் கல்விக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம் முதலாகச் சூடாமணி நிகண்டு வரையிலான நூல்கள் ஒருபொருட் பல்சொல்லையும் பலபொருள் ஒருசொல்லையும் செய்யுளில் தொகுத்தன. மண்டல புருடர் தம் நிகண்டை விருத்தத்தில் அமைத்தது மனனத்திற்கு எளிதாயிற்று. திண்ணைப் பள்ளிகளில் அது நெடுங்காலம் மனப்பாட நூலாக வழங்கியது. ஆனால் நிகண்டு கற்றவன் அடுத்துச் சென்ற இடம் செய்யுள். நினைவில் நின்ற சொல், பின்னொரு நாள் ஒரு பாடலின் நடுவே அவனுக்கு எதிர்ப்பட்டது. சந்தையில் கிடைக்கும் ‘கைடு’களின் சொற்பட்டியலிலோ இத்திசை தலைகீழாகிறது. பாடத்திலிருந்து சொல் பிரித்தெடுக்கப்படுகிறது. அது மீண்டும் பாடத்திற்குள் செல்வதில்லை.

இங்கு வினாத்தாளை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. ஒருபொருட்சொல் வினாவில் பாடத்தின் தொடர் ஒன்று தரப்பட்டு, அதில் ஒரு சொல் வேறுபடுத்திக் காட்டப்பட்டு, நான்கு விடைகள் கொடுக்கப்படுகின்றன. தேர்வு, சொல்லைத் தொடரோடுதான் கேட்கிறது. பயிற்சியே தொடரைக் கழித்துவிட்டு, இடப்பக்கம் ஒரு சொல்லும் வலப்பக்கம் ஒரு சொல்லுமாக இரு நிரல்களை எஞ்சவிடுகிறது. ‘புக் பேக்’ வினாக்களை மட்டும் திரும்பத் திரும்பச் ‘சிலிப் டெஸ்ட்’ வைத்து முடிக்கும் வகுப்பறையில், தொடரைப் படிக்காமலே விடையைக் குறிக்கும் திறன் வளர்கிறது. இத்திறனைத் தேர்வு தடுப்பதும் இல்லை.

முன்னும் பின்னும் நோக்குதல்

தொல்காப்பியர் உரியியலில், எளிதில் விளங்கும் சொற்களை விளக்க வேண்டியதில்லை, விளங்காதவற்றையே எடுத்துரைக்க வேண்டும் என்கிறார். ஒரு பொருளுக்கு மற்றொரு பொருள் கூறிக்கொண்டே போனால் அதற்கு எல்லை இராது என்றும் எச்சரிக்கிறார். சொல்லின் முன்னும் பின்னும் வருவனவற்றை ஆராய்ந்து பொருத்தமான மொழியோடு சேர்த்து உணர்த்த வேண்டும் என்பது அவர் தரும் வழி. சொல்லுக்குச் சொல் நிகராக நிற்பதில்லை என்பதும் இடமே பொருளை நிறுத்துகிறது என்பதும் இவ்வழியில் அடங்கியுள்ளன.

இவ்வளவுகோலைப் பாடநூலின் சொற்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். லியம் ஓ’ஃப்ளாஹர்ட்டியின் ‘முதற் பறத்தல்’ கதையில் ‘வெட்’ என்னும் வினை வருகிறது. ‘கூர்மையாக்கு’ என்பது அதன் பட்டியல் விடை, தவறன்று. ஆயின் கதையில் அலகைத் தீட்டுதல், உணவைக் கிழித்து உண்பதில் தனக்குள்ள விருப்பத்தைப் பசித்த குஞ்சு எண்ணிப் பார்க்கும் இடத்தில் வருகிறது. அதன் முன் உணவில்லை. தாயின் காலடியில் இருக்கிறது. கூர்மைக்குரிய அச்சொல் அங்கே பசிக்குரிய சொல்லாகவும் நிற்கிறது. ‘தீட்டுதல்’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழியாக இதை இரண்டு நிமிடங்களில் வகுப்பில் காட்டிவிடலாம்.

தொடர்வினைகளில் இழப்பு இன்னும் பெரிது. ஜேம்ஸ் தர்பர் 1933இல் வெளியிட்ட நகைச்சுவைப் பனுவலின் தலைப்பே ஒரு தொடர்வினையைக் கொண்டது: ‘த நைட் த கோஸ்ட் காட் இன்’. பயிற்சியின் வழக்கப்படி ‘காட் இன்’ என்பதற்கு ‘என்டர்டு’ என்று மாற்று எழுதலாம். பொருள் மாறாது, நகைச்சுவை போய்விடும். ‘காட் இன்’ என்பது சாளரத்தின் வழியாகத் திருடன் எப்படியோ உள்ளே வந்துவிட்டான் என்று வீட்டார் பேசிக்கொள்ளும் பேச்சுவழக்கு. கதையில் தாயார் நினைப்பதும் அதுவே: வந்தது திருடன் என்று முடிவு கட்டி, அண்டை வீட்டுச் சாளரத்தின் மீது செருப்பை வீசிக் காவலரை அழைக்கச் செய்கிறார். பேயைத் திருடனாக்கும் கதை முழுவதும் தலைப்பின் அந்த இரு சொற்களிலேயே தொடங்கிவிடுகிறது. மரபுத்தொடர்ப் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். ‘கயிறு திரித்தல்’ என்பதைப் ‘பொய் கூறுதல்’ என்று எழுதிவைத்துக் கொண்டவர் அத்தொடரைப் பயன்படுத்தும் இடத்தை அறிந்தவர் ஆகார்.

பங்கேற்பெச்சமும் பச்சைக் கோட்டும்

தோதேயின் ‘கடைசிப் பாடம்’ 1873இல் வெளிவந்த ‘திங்கட்கிழமைக் கதைகள்’ தொகுப்பில் உள்ளது. 1870-71 போரில் பிரெஞ்சு நாடு தோற்றபின், அல்சாஸ், லொரேன் பகுதிகளின் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்ற ஆணை வந்த நாளை அது சித்திரிக்கிறது. தேர்வுப் பயிற்சி குறித்த ஆய்வுக்கு இக்கதையைப் போலப் பொருத்தமான பனுவல் அப்பாடநூலில் வேறில்லை. ஏனெனில் இது ஓர் இலக்கணப் பயிற்சியில் தொடங்குகிறது. சிறுவன் ஃபிரான்ஸ் பள்ளிக்குச் செல்ல அஞ்சுவதன் காரணம் போரன்று. ‘பார்ட்டிசிபிள்’ எனப்படும் பங்கேற்பெச்ச விதிகளை ஆசிரியர் ஹாமெல் கேட்பார். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

வகுப்பில் ஹாமெல் தம் பச்சைக் கோட்டும் கருப்புப் பட்டுத் தொப்பியும் அணிந்திருக்கிறார். பின் இருக்கைகளில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். முதியவர் ஹௌசர் தம் பழைய அரிச்சுவடியைக் கொண்டுவந்திருக்கிறார். இது கடைசிப் பாடம் என அறிந்தபின் ஃபிரான்ஸ் எழுப்பப்படுகிறான். அப்போது அவன் விரும்புவது எது என்பது கவனத்திற்குரியது. அந்த அச்சமூட்டும் விதியை உரக்க, தெளிவாக, பிழையின்றி ஒப்பிக்க முடிந்தால் எதையும் கொடுத்திருப்பேன் என்று எண்ணுகிறான். மொழிப்பற்று இங்கே மனப்பாடத்திற்கு எதிரியாக வரவில்லை. மனப்பாடத்தின் வடிவிலேயே வருகிறது. இக்கதையை ‘உயிரற்ற இலக்கணத்திற்கு எதிராக உயிருள்ள மொழி’ என்று வாசிப்பவர் இவ்விடத்தைத் தாண்டிச் செல்கின்றனர்.

நேர்கூற்று, அயற்கூற்று மாற்றத்தைப் பயிற்சிகள் ஒரு கணிதச் செயலாகக் கற்பிக்கின்றன: மேற்கோள்குறியை நீக்கு, காலத்தைப் பின்தள்ளு, தன்மையைப் படர்க்கையாக்கு. இரு வடிவமும் ஒன்றே என்பது அதன் எடுகோள். தோதேயோ இரண்டையும் வேறு வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார். இதுவே கடைசிப் பாடம் என்னும் அறிவிப்பு நேர்கூற்றில் வருகிறது. பெற்றோர் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியதையும், தாம் பாடத்திற்குப் பதிலாகத் தோட்டத்திற்கு நீர் ஊற்றச் சொன்னதையும் ஹாமெல் ஒப்புக்கொள்வதும் நேர்கூற்றே. ஆனால் பிரெஞ்சு மொழியின் அழகையும், அதை இறுகப் பற்றிக்கொள்ளும் மக்களின் கையில் சிறையின் திறவுகோல் இருக்கிறது என்பதையும் அவர் பேசும் பகுதி அயற்கூற்றில் அமைகிறது. பிரெஞ்சு மூலத்திலும் பரவலாக வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இவ்வாறே உள்ளது. கதையின் புகழ்பெற்ற கருத்து ஆசிரியரின் குரலில் அன்றி, அதைக் கேட்டு உள்வாங்கிய மாணவனின் குரலில் நம்மை அடைகிறது. கற்பித்தல் நிகழ்ந்துவிட்டது என்பதற்கு அந்த அயற்கூற்றே சான்று.

வினைப் பாங்கிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஆணை பெர்லினிலிருந்து வந்திருக்கிறது, பிறப்பித்தவர் பெயர் தொடரில் இல்லை, ஆணையே எழுவாய். குற்றத்தை ஏற்கும் இடத்திலோ ‘நான்’ எழுவாயாகிறது. செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சிகள் ‘பை’ என்னும் சொல்லைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் நின்றுவிடுகின்றன. செய்தவரைச் சொல்வதும் மறைப்பதும் அதிகாரத்தின் தெரிவு என்பது அவற்றில் பேசப்படுவதில்லை.

ஃபிரான்ஸின் மொழி எது?

தமிழ் வகுப்பறையில் இக்கதை பெரும்பாலும் தாய்மொழிப் பற்றின் கதையாக விளக்கப்படுகிறது. பிரெஞ்சின் இடத்தில் தமிழை வைத்துப் பார்ப்பது இயல்பாகவே நிகழ்கிறது. வரலாறு இதைச் சற்றுச் சிக்கலாக்குகிறது. அன்றைய அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மானியக் கிளைமொழி. தோதே அதைக் கதையில் சொல்லவில்லை. தேசியச் சார்பு மிக்க அக்கதைக்கு அம்மௌனம் தேவையாயிருந்தது எனலாம். எனினும், பிரெஞ்சுக்காரர் என்று சொல்லிக்கொண்டு சொந்த மொழியில் பேசவும் எழுதவும் தெரியாதிருக்கிறீர்களே என்று எதிரிகள் கேட்பர் என ஹாமெல் கூறும் இடத்தில் அம்மௌனம் விரிசல் காண்கிறது. சிறுவனுக்குப் பிரெஞ்சு, விதிகளால் கற்கப்படும் பள்ளியின் மொழி. தவறினால் தண்டனை தரும் மொழி. உணர்வால் அது தமிழ் மாணவனின் தமிழுக்கு நிகராகத் தோன்றினாலும், வகுப்பறையில் வகிக்கும் இடத்தால் அவனது ஆங்கிலத்திற்கே நெருங்கியது.

பங்கேற்பெச்சத்திற்கு அஞ்சும் ஃபிரான்ஸும் ‘பாஸிவ் வாய்ஸு’க்கு அஞ்சும் மாணவனும் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஒற்றுமையை மாணவனுக்குச் சொல்வதற்கு வினாத்தாள் மாற வேண்டியதில்லை. அயற்கூற்றுப் பயிற்சிக்குத் தொடர்பற்ற பத்துத் தொடர்களைத் தருவதற்கு மாறாக, கதையின் இறுதிப் பகுதியைத் தரலாம். அங்கே ஹாமெல் ‘நண்பர்களே’ என்று விளித்து, ‘நான்’ என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் நிற்கிறார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தம் நாட்டுக்கு வாழ்த்து எழுதுகிறார். முடியாத அத்தொடரை அயற்கூற்றாக மாற்ற முயலும் மாணவன், விதிகள் அனைத்தையும் சரியாகக் கையாண்ட பின்னும், பயனிலை இல்லாத ஓர் எழுவாயோடு நிற்பான்.