வெயிலுக்கென்றே பிறந்த வாடாமல்லி

வாடாமல்லி மாதிரி இன்னொரு செடி உண்டா, சொல்லுங்கள்! கத்தரி துவண்டு, வெண்டை இலை சுருண்டு கிடக்கும் உச்சி வெயிலில் அது மட்டும் ஊதா உருண்டைகளை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். எங்கள் கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை மறந்த மாதங்கள். சில ஆண்டுகளில் வெயில் ஏப்ரல்வரை விடாது. 2016-இல் குபாங் பாசு, பெண்டாங் பக்கம் பள்ளிகளையே மூடினார்கள். இந்த ஊர் வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூவை நான் பார்த்ததில்லை.

சுங்கை பட்டாணியில் என் வீட்டுக் கொல்லை, பால்மரம் நின்ற இறுகிய செம்மண். லாலான் புல்லை அறுத்து மூடாக்குப் போட்டு, மிளகாய்க்கும் கத்தரிக்கும் நடுநடுவே வாடாமல்லியை நட்டேன். வேர் பிடிக்கும்வரைதான் தண்ணீர் கேட்டது. சோளம், கரும்பு போல, குறைந்த நீரில் வெயிலைச் சாப்பாடாக்கும் இனம் இது.

ஒரு பூவைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நாம் பூ என்று நினைக்கும் ஊதா முழுவதும் மொரமொரவென்ற செதில்கள். அவற்றினிடையே எட்டிப் பார்க்கும் குண்டூசித் தலையளவு வெள்ளைதான் அசல் பூ! அந்தத் துளிக்குத்தான் கொடுக்கில்லாத கெலுலுட் தேனீக்கள் வந்து மொய்க்கின்றன. அப்படியே மிளகாய்ப் பூவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகின்றன. செம்பனைத் தோட்டச் சாலையோரம் டர்னெரா செடியை வரிசையாக நடுகிறார்களே, அழகுக்கா? இலை தின்னும் பைப்புழுவை ஒழிக்கும் குளவிக்குத் தேன் கொடுக்க. என் கொல்லையிலும் அதே கணக்குதான்.

இப்படி ஒன்றுக்கொன்று துணையாகச் செடிகளை வைக்கும் முறையைப் பெர்மாகல்ச்சர் என்று ஆஸ்திரேலியாவில் மோலிசனும் ஹோல்ம்கிரனும் புத்தகம் போட்டது 1978-இல். நம் லயத்துப் பாட்டிமார் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, ஆட்டுப் புழுக்கை, சாமிக்குப் பூ என்று அதை எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள்!

தொடுத்த மாலையில் மற்றப் பூக்கள் கருகினாலும் வாடாமல்லி நிறம் மாறாது. காய்ந்த உருண்டையை உள்ளங்கையில் கசக்கினால் பஞ்சு சுற்றிய விதைகள் உதிரும். ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். தண்ணீர் தேங்கினால் மட்டும் பிடிக்காது, மேட்டுப்பாத்தி அவசியம். மூன்று மாதத்தில் பூத்துவிடும். அக்டோபரில் போட்டால் தைப்பூசத்துக்குச் சொந்தப் பூவில் மாலை கட்டலாம். விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். செடி வைத்திருக்கும் வீட்டில் நாலு காய்ந்த பூ கேளுங்கள், யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.