‘ஜகாட்’: அப்போய் கெட்ட பிள்ளையா?

“அவன் ரொம்ப ஜகாட், டீச்சர்!” நம் வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல்தான் நம் பேச்சில் ‘ஜகாட்’ ஆனது. அதையே தலைப்பாக வைத்து 2015-இல் படம் தந்தார் சஞ்சய் குமார் பெருமாள். 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது.

கதை 1990-களில் நடக்கிறது. தோட்டம் கலைந்து, சிறுபட்டண ஓரத்தில் ஒதுங்கிய குடும்பம். படிப்பு ஒன்றுதான் கரைசேர்க்கும் என்று நம்பும் அப்பா மணியம், அதைப் பிரம்பால் சொல்கிறார். பன்னிரண்டு வயது அப்போயின் கற்பனையை யாரும் மதிப்பதில்லை. குண்டர் கும்பல் மதிப்பதுபோல் தெரிகிறது. படத்தின் பலம் இங்கேதான்: பையனைக் குற்றம் சொல்லாமல், அவனைச் சுற்றியிருப்பதைக் காட்டுகிறது.

குறையும் உண்டு. பெண்களுக்கு இடம் குறைவு. அப்போய்க்கு ஒரு தங்கை இருந்தால் அவள் படிப்பு என்னவாகியிருக்கும்?

கோலா குபு பாரு வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் உதவிநிதியும் தருகிறோம், நல்லதுதான். ஆனால் அந்தப் பையைத் தூக்கி வருகிறவன் சொல்லும் கதையைக் காதுகொடுத்துக் கேட்கிறோமா?

மாணவர்களே, மணியத்தின் கண்டிப்பு சரியா, தவறா? காட்சிகளைச் சான்று காட்டி எழுதிப் பாருங்கள்.